சரக்கைக் காக்கும் பிளாஸ்டிக் குழி: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

சரக்கு எவ்வளவு தரமானதாக இருந்தாலும், உடையாமல், நனையாமல், நசுங்காமல் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது வியாபாரம். இல்லாவிட்டால் அது சேதாரக் கணக்கு. இந்த உண்மையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சரக்கைச் சுற்றியிருக்கும் பேக்கிங்கை நம்மில் எத்தனை பேர் கூர்ந்து பார்க்கிறோம்? சரக்கின் விலையைப் பேரம் பேசுகிறோம், கடன் தவணையைப் பேசுகிறோம், லாரி வாடகையைப் பேசுகிறோம். பேக்கிங் மட்டும் கம்பெனி விட்ட வழி என்று இருந்துவிடுகிறோம்.

நம் கடைகளைச் சற்று நோட்டமிடுவோம். மருந்துக் கடையில் மாத்திரை அட்டை. பேன்சி கடையில் சரமாகத் தொங்கும் டூத் பிரஷ், பேட்டரி, பிளேடு அட்டைகள். மளிகைக் கடையில் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. பால் பொருள் விற்கும் இடத்தில் தயிர் கப். பழக்கடையில் திராட்சை வைத்த மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி. இனிப்புக் கடையில் ஒவ்வொரு இனிப்புக்கும் ஒரு குழியாக அமைந்த உள்தட்டு. பார்வைக்கு வெவ்வேறாக இருக்கும் இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரே முறையில் தயாராகின்றன. அந்த முறைக்குத் தெர்மோஃபார்மிங் என்று பெயர். பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டினால் இளக்கி அச்சில் படியவைத்து வடிவம் கொடுப்பது என்று பொருள் கொள்ளலாம்.

இந்தக் குழிகளின் வடிவத்துக்குப் பின்னால் பல தொழில்களின் அனுபவம் இருக்கிறது. அவற்றைத் தெரிந்துகொண்டால் நம் கொள்முதலில் நல்ல பேக்கிங் எது, வெறும் பகட்டு எது என்று பிரித்தறியலாம்.

எப்படித் தயாராகிறது?

செய்முறை எளிது. சுருளாக வரும் பிளாஸ்டிக் தகடு முதலில் சூடேற்றப்படுகிறது. அப்பளம்போல் விறைப்பாக இருந்தது துணிபோல் தொய்வடையும். அந்த நிலையில் அதை அச்சின்மீது வைத்து, அச்சிலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறார்கள். சில இயந்திரங்களில் மேலிருந்தும் காற்றழுத்தம் கொடுப்பார்கள். தகடு அச்சோடு ஒட்டிப் படிந்து அதே வடிவம் பெறுகிறது. குளிர்ந்ததும் ஓரங்களை வெட்டி எடுத்தால் தட்டு தயார்.

வாளி போன்றவற்றைச் செய்யும் முறை வேறு. அதில் உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தில் இருபக்க எஃகு அச்சுக்குள் செலுத்த வேண்டும். அந்த அச்சின் விலை அதிகம். தகட்டை வடிவமாக்கும் முறைக்குப் பெரும்பாலும் ஒருபக்க அலுமினிய அச்சே போதுமானது. ஆகவேதான் பெரிய கம்பெனிகள் மட்டுமல்ல, நடுத்தர இனிப்புக் கடைக்காரர்கூடத் தமக்கென்று ஒரு தட்டு வடிவத்தைச் செய்து வாங்கிக்கொள்ள முடிகிறது.

இந்த முறையில் ஒரு பலவீனமும் உண்டு. ஒரே கனமுள்ள தகடுதான் இழுபட்டுக் குழியாகிறது. ஆதலால் குழி ஆழமாக ஆக, அதன் அடிமூலைகள் மெலிந்துபோகும். நல்ல தயாரிப்பாளர், காற்றை உறிஞ்சும் முன்பே ஒரு கட்டையால் தகட்டை மெல்ல உள்ளே தள்ளி, கனம் எல்லாப் பக்கமும் ஓரளவு சமமாகப் பரவும்படி செய்வார். இதில் அக்கறை இல்லாதவரின் தட்டு, ஓரத்தில் தடிப்பாகவும் மூலையில் தாள்போலவும் இருக்கும். எனவே மாதிரித் தட்டு கைக்கு வந்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்து ஏமாறக் கூடாது. அடிமூலையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உடைவது அங்கேதான்.

தட்டில் காணும் வரிவரியான மடிப்புகளும் அழகுக்காக அமைந்தவை அல்ல. தட்டையான தகரத்தைவிட நெளித்தகரம் கூரையைத் தாங்குவதுபோல், இந்த வரிகள் மெல்லிய தகட்டுக்கு விறைப்பு தருகின்றன. வரிகளைச் சரியாக அமைத்தால் குறைந்த பிளாஸ்டிக்கில் அதே பலம் கிடைக்கும். குழியின் சுவர்கள் மேல்நோக்கிச் சற்று விரிந்திருப்பதும் காரணத்தோடுதான். அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வரவும், காலித் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கவும் அந்தச் சரிவு உதவுகிறது. காலித் தட்டுகளின் லாரி வாடகையும் குடோன் இடமும் இதனால் மிச்சமாகின்றன.

மருந்துத் தொழில்: நாளைச் சொல்லும் அட்டை

மாத்திரை அட்டையின் அமைப்பு நமக்குத் தெரிந்ததே. சுமார் கால் மில்லிமீட்டர் கனமுள்ள பி.வி.சி. தகட்டில் குழிகள், அவற்றின் மேல் ஒட்டிய மெல்லிய அலுமினியத் தாள். பெருவிரலால் அழுத்தினால் தாள் கிழிந்து மாத்திரை வெளியே வரும். ஒரு மாத்திரையை எடுக்கும்போது மற்ற மாத்திரைகளுக்குக் காற்றும் ஈரமும் படுவதில்லை. புட்டியில் இந்த வசதி இல்லை.

ஈரத்தை எளிதில் இழுக்கும் மருந்துகளுக்கு வெறும் பி.வி.சி. போதாது. அதற்கு பி.வி.டி.சி. என்ற பூச்சு கொடுப்பார்கள். அதுவும் போதாதபோது, கீழும் மேலும் அலுமினியமாகவே இருக்கும் அட்டை வருகிறது. வணிகத்தில் இதை அலு-அலு என்கிறோம். இதில் குழி சூட்டினால் அல்லாமல் அழுத்தத்தால் உருவாகிறது. அலுமினியம் அதிகம் இழுபடாது என்பதால் குழிகள் அகன்றும் அட்டை பெரிதாகவும் இருக்கும். சிறிய மாத்திரைக்கு இவ்வளவு பெரிய அட்டையா என்று வாடிக்கையாளர் கேட்டால், ஏமாற்று வேலை அல்ல, ஈரத்திலிருந்து காக்கும் ஏற்பாடு என்று மருந்து வணிகர்கள் தயங்காமல் விளக்கலாம்.

இந்தக் குழிகளை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தியதுதான் பெரிய கண்டுபிடிப்பு. தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை மாதக்கணக்கில் தவறாமல் உட்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நோயாளியும் எந்த நாளில் எதை விழுங்குவது என்று குழம்பக் கூடாது. இதற்கு விடையாக 28 நாள் மருந்தும் ஒரே அட்டையில் வரிசையாக அமைந்தது. மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் தனிக் குழிகளில்; மற்ற நாட்களுக்கானவை நாள்வாரியாக. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும், நோயின் வகைக்கும் ஏற்ப வெவ்வேறு அட்டைகள். 1995 முதல் இந்த மருந்து உலகெங்கும் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. மருந்தோடு அட்டையின் அமைப்பும் சேர்ந்துதான் அந்தப் போராட்டத்தில் பங்கு பெற்றது.

நம் நாட்டின் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையும் இப்படித்தான். 21 மாத்திரைகளோடு 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் சேர்த்து 28 ஆக வைத்தார்கள். இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்கும் நாளை எண்ண வேண்டியதில்லை. ஓர் அட்டை முடிந்தால் அடுத்த அட்டை. பழக்கம் விட்டுப்போகாமல் அட்டையே காக்கிறது.

இங்கே மருந்து வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் ஒரு துண்டோடு போய்விடுகின்றன. மறு துண்டு தேதியில்லாத மாத்திரையாகிறது. தேதி அச்சிட்ட பகுதியைக் கடையில் கடைசி வரை வைத்திருந்து, வெட்டிக் கொடுப்பதன் விவரத்தைப் பில்லில் எழுதித் தருவது நமக்கும் வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு.

பழ வணிகம்: லாரியிலிருந்து தொடங்கும் கணக்கு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விளையும் ஸ்ட்ராபெர்ரி மிக மென்மையான பழம். கை பட்டாலே கன்றிப்போகும். முன்பு திறந்த சிறு கூடைகளில் விற்றார்கள். பின்னர் சிப்பிபோல் இரு பாதியும் ஒட்டியிருந்து மூடிக்கொள்ளும் தெளிவான பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் கிளாம்ஷெல். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் பிடிக்கும் பெட்டிகள் அங்கே வழக்கமாயின. தோட்டத்தில் பறிப்பவரே நேராகப் பெட்டியில் அடுக்கிவிடுகிறார். அதன்பின் வாங்குபவர் வீட்டில் திறக்கும்வரை பழத்தின் மேல் வேறு கை படுவதில்லை. பெட்டியின் மேலும் கீழும் உள்ள துளைகள் வழியாகக் குளிர்காற்றைச் செலுத்தி, பறித்த வெப்பத்தை விரைவில் தணிக்கிறார்கள். துளை சிறுத்தால் பழம் அழுகும். பெருத்தால் பெட்டி பலமிழக்கும். இந்த அளவைக் கண்டதுதான் வடிவமைப்பு.

நாசிக் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் திராட்சையும் 500 கிராம் பெட்டிகளில் போகிறது. அங்கே பெட்டியின் அளவு பழத்தை வைத்து மட்டும் முடிவாவதில்லை. சரக்கு அடுக்கும் மேடைப்பலகை 120-க்கு 80 சென்டிமீட்டர், அல்லது 120-க்கு 100. அதன்மேல் 60-க்கு 40 அட்டைப்பெட்டி வைத்தால் முதலாவதில் 4, இரண்டாவதில் 5 என்று இடைவெளியின்றி அடங்கும். அந்த அட்டைப்பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும்படி சிறு பெட்டியின் நீள அகலம் அமைகிறது. பெட்டிகள் உள்ளே ஆடினால் பழம் அடிபடும். இடம் காலியாக இருந்தால் காற்றுக்கு லாரி வாடகை கொடுத்ததாகும்.

நம் மாநிலத்துக் காய்கறி விவசாயிகளும் இந்த முறையின் பலனை அறிந்தவர்களே. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை வளர்க்கும் 98 குழிகள் கொண்ட குழித்தட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் இதே முறையில் செய்ததுதான். தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழியில் ஒரு விதை, ஒரு நாற்று. நாற்று அதிலேயே வளர்கிறது. அதிலேயே லாரியில் பயணம் செய்து வயலுக்குப் போகிறது. வேர் அறுபடாமல் கழன்று வருவதற்குக் காரணம், மேலே சொன்ன அதே சுவர்ச் சரிவு.

உணவுத் தொழில்: சூடும் கொழுப்பும்

1986-இல் அமெரிக்காவில் வந்த ஒரு காப்பிக் கப் மூடியைப் பார்ப்போம். அதற்கு முன் தட்டையான மூடியில் ஒரு பகுதியைக் கிழித்துக் குடித்தார்கள். புதிய மூடி மேடுபோல் உயர்ந்தது. நுரைக்கு இடம் கிடைத்தது. குடிப்பவரின் உதட்டுக்கும் மூக்குக்கும் இடம் கிடைத்தது. நடந்துகொண்டே குடிக்க முடிந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தச் சாதாரண மூடியைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

பிரான்ஸில் தயிர்க் கப்கள் நான்கு, எட்டு என ஒன்றோடொன்று ஒட்டியே கடைக்கு வருகின்றன. வாங்குபவர் கையால் ஒடித்தால் சுத்தமாகப் பிரியும். இதற்குப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஏற்றது. அதன் ஒடியும் தன்மையே இங்கே நன்மை. அதே பாலிஸ்டைரீன், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களோடு நாட்பட இருந்தால் விரிசல் காண இடமுண்டு. எனவே பிளாஸ்டிக்கில் பொதுவாக நல்லது, கெட்டது என்று கிடையாது. எந்தச் சரக்குக்கு எது என்பதுதான் கேள்வி.

உணவு வணிகர்கள் அடிக்கடி அடிபடுவது சூட்டில்தான். கண்ணாடிபோல் பளபளக்கும் பெட் தட்டு சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். கேக், பழம், இனிப்புக்கு அது சிறந்தது. கொதிக்கும் சாம்பாரையோ பிரியாணியையோ அதில் போட்டால் வளைந்து, மூடி விட்டு, வாடிக்கையாளர் வண்டியில் கொட்டும். சூடான பண்டத்துக்கு பி.பி. என்ற பாலிபுரோப்பிலீன்தான் ஏற்றது. அது கொதிநீரின் சூட்டைத் தாங்கும். பார்வைக்குச் சற்று மங்கலாக இருக்கிறதே என்று அதை ஒதுக்கிப் பளபளப்பைத் தேடுவது நஷ்டத்துக்கு வழி.

தொங்கும் அட்டை: திருட்டும் எரிச்சலும்

சின்னஞ்சிறு பொருளைப் பெரிய அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் குமிழால் மூடி விற்பது ஏன்? மேசைமேல் வைத்த பிளேடும் மெமரி கார்டும் சட்டைப்பைக்குள் மறைய நொடிதான் ஆகும். அட்டை பெரிதானால் மறைப்பது கடினம். பொருளும் தெரிகிறது, விவரம் அச்சிடவும் இடம் கிடைக்கிறது. சுயசேவைக் கடைகள் பெருகியதற்கு இந்த அட்டைகளும் துணையாயின.

ஆனால் இதே ஏற்பாடு எல்லை மீறியபோது வேறு தொல்லை வந்தது. சுற்றிலும் சூட்டால் ஒட்டிய கெட்டிச் சிப்பிப் பெட்டிகளைத் திறக்கக் கத்தரிக்கோலும் கத்தியும் தேவைப்பட்டன. வெட்டிய பிளாஸ்டிக்கின் கூர்முனை கையைக் கிழித்தது. வாங்கியவரின் எரிச்சலுக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரே ஏற்பட்டுவிட்டது. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் நிறுவனம், எளிதில் திறக்கும் பேக்கிங் என்ற திட்டத்தை 19 பொருள்களோடு தொடங்கியது. தபாலில் போகும் பொருளுக்குக் கடைத் திருட்டுப் பயமில்லை. பின் எதற்கு அந்தக் கோட்டை? கடையில் தொங்கும் பொருளுக்கோ கோட்டை வேண்டும், ஆனால் வாசலும் வேண்டும். அட்டையின் பின்புறம் கிழிப்பதற்குத் துளைக்கோடு போட்ட பேக்கிங் இரண்டையும் நிறைவேற்றுகிறது. இரண்டு கம்பெனிச் சரக்கு ஒரே விலையில் கிடைத்தால் இத்தகையதையே நாம் தேர்ந்தெடுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களில்

மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் கெட்டியான குழித்தட்டில் வைத்து, காகிதம்போல் தோன்றும் டைவெக் என்ற மேல்மூடியால் ஒட்டப்படுகின்றன. அந்த மூடி, கிருமி நீக்கும் வாயுவை உள்ளே விடும்; கிருமியை உள்ளே விடாது. மின்னணுத் தொழிலில், எறும்பளவு உதிரிப் பாகங்கள் 8 மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக் நாடாவில், வரிசையான நுண்குழிகளில் அமர்ந்து சுருளாக வருகின்றன. ஓரத்தில் 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக உள்ள துளைகளைப் பற்றி இயந்திரம் நாடாவை இழுத்து, பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்துகிறது. இங்கே பேக்கிங்கே இயந்திரத்துக்கு ஊட்டும் கையாகவும் ஆகிவிட்டது.

கழிவும் சட்டமும்

இவ்வளவு நன்மை சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது. காலியான பிறகு இந்தத் தட்டுகள் எங்கே போகின்றன? உலகெங்கும் இந்தக் கேள்வி எழுந்தது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990-ஆம் ஆண்டு நவம்பரில், நுரைப் பிளாஸ்டிக் பெட்டிகளை அமெரிக்கக் கடைகளிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி, உறிஞ்சுகுழல், இனிப்புப் பெட்டிமேல் சுற்றும் தாள் முதலியவை தடைப் பட்டியலில் சேர்ந்தன. சோதனைக்கு வருபவர் முதலில் நுழைவது தயாரிப்பாளரின் ஆலையில் அல்ல, நம் கடையில். ஆகவே, வாங்கும் தட்டு எந்த வகையில் அடங்கும் என்பதைச் சப்ளையரிடம் எழுத்துமூலம் பெற்று, பில்லோடு கோப்பில் வைப்பது நமக்குக் காப்பு.

2022-இல் வந்த மத்திய அரசு விதிகள், கெட்டிப் பிளாஸ்டிக் பேக்கிங்கில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் 2025-26-இல் 30 சதவீதம், ஆண்டுதோறும் உயர்ந்து 2028-29-இல் 60 சதவீதம் என்று தயாரிப்பாளர்களுக்கு இலக்கு வைத்தன. இது நிறைவேற வேண்டுமானால் தட்டு ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்க வேண்டும். பெட் தட்டும் பி.வி.சி. தட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் தண்ணீரில் மூழ்கும். கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். பெட்டை உருக்கும் சூட்டில் பி.வி.சி. கருகி மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும். கருநிறத் தட்டுகளைத் தானியங்கிப் பிரிப்பு இயந்திரங்களின் ஒளிக்கண்கள் பல வேளை அடையாளம் காண்பதில்லை. தட்டின் அடியிலுள்ள முக்கோணக் குறியின் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட், 3 என்றால் பி.வி.சி., 5 என்றால் பி.பி., 6 என்றால் பாலிஸ்டைரீன். எண்ணே இல்லாத தட்டை வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மருந்து, பழம், நாற்று, காப்பி, மெமரி கார்டு என்று பல தொழில்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் நல்ல குழி ஒரே வழியில்தான் பிறந்திருக்கிறது. சரக்கின் பலவீனம் எது என்று முதலில் கண்டார்கள். அதற்கேற்ப வடிவம் கொடுத்தார்கள். தடித்த பிளாஸ்டிக்கை அள்ளிப்போட்டு யாரும் வெற்றி பெறவில்லை. எனவே அடுத்த முறை சப்ளையர் புதிய பேக்கிங்கைப் பெருமையாகக் காட்டும்போது நாம் கேட்க வேண்டியவை இவை:

1. இந்தக் குழி சரக்கை எதிலிருந்து காக்கிறது? ஈரமா, அடியா, சூடா, திருட்டா?
2. அட்டைப்பெட்டியில் ஆடாமல், இடம் வீணாகாமல் அடங்குகிறதா?
3. கடையில் அடுக்கவும் தொங்கவிடவும் வசதியா? தேதியும் விலையும் மறையாமல் தெரிகின்றனவா?
4. வயதான வாடிக்கையாளர் கத்தியின்றித் திறக்க முடியுமா?
5. எந்தப் பிளாஸ்டிக்? அடியில் எண் உண்டா? சட்டப்படி விற்கலாமா?

இந்த ஐந்தில் எது தவறினாலும் அதன் விலை கடைசியில் வந்து விழுவது நம் கல்லாவில்தான். உடைந்த சரக்கைத் திருப்பிக் கொண்டுவருபவரும், அபராதச் சீட்டோடு வருபவரும் கம்பெனியின் கதவைத் தட்டுவதில்லை. தனிக்கடைக்காரர் கேட்டால் கம்பெனி காதில் வாங்காமல் போகலாம். ஓர் ஊரின் வணிகர்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சங்கக் கூட்டங்களில் கமிஷனையும் கடன் தவணையையும் பேசுவதோடு, பேக்கிங்கையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுவோம். சேதாரக் கணக்கு சுருங்கினால் அதுவே லாபம்.